பப்பில் "கிரிக்கெட் ஆடலாமா?" என்று கேட்டால்: டார்ட்ஸ் ஆட்டங்களின் ஊர்ப்பெயர்களைப் பிடிக்கும் வழி

போன வருஷம் வேலை மாறி மான்செஸ்டர் பக்கம் குடிவந்தேன். தெருமுனை பப்பில் வியாழக்கிழமைதோறும் டார்ட்ஸ் ஆடுவார்கள். அதற்கு முன் அமெரிக்காவில் இருந்த மூன்று வருஷமும் பார்களில் எலெக்ட்ரானிக் மெஷினில் நிறையவே ஆடியிருந்ததால் தைரியமாகப் போய் நின்றேன். "கிரிக்கெட் ஆடலாமா?" என்றார்கள். ஆடலாமே! 20-ஐ மூன்று தடவை அடித்து மூட வேண்டும், அப்புறம் 19, அப்புறம் 18. எனக்குத் தெரிந்த கிரிக்கெட் அதுதான். என் முறை வந்ததும் மூன்று அம்பையும் 20-ல் இறக்கினேன். யாரும் கை தட்டவில்லை. சாக்பீஸ் பிடித்திருந்த பெரியவர் எதையும் எழுதாமல் என்னைப் பார்த்தார். "நீங்க பௌலிங்" என்றார்.

அன்றைக்கு எங்கள் அணி தோற்றது. பெயர் ஒன்று, ஆட்டம் வேறு. அதன் பிறகு பல பப்களில் ஆடியும் கேட்டும் தெரிந்துகொண்டதை, புதிதாக ஆட வருகிறவர்களுக்காக இங்கே வரிசையாக எழுதுகிறேன். அம்பை எப்படிப் பிடிப்பது, எப்படி எறிவது என்பதெல்லாம் இதில் இல்லை. ஒரு மணி நேரம் எறிந்தால் அது கைக்கு வந்துவிடும். (டார்ட்டை இங்கே பழைய ஆட்கள் 'ஏரோஸ்' என்றுதான் சொல்கிறார்கள், அதனால் நானும் அம்பு என்றே எழுதுகிறேன்.)

படி 1: ஆட்டத்தின் பெயரைக் கேட்கும் முன் போர்டைப் பாருங்கள்

உச்சியில் 20, அதற்கு இடப்பக்கம் 5, வலப்பக்கம் 1. விளிம்பில் மெல்லிய டபுள் வளையம் (அதில் விழுந்தால் எண் இரண்டு மடங்கு), பாதி வழியில் இன்னொரு மெல்லிய ட்ரெபிள் வளையம் (மூன்று மடங்கு). நடுவில் 50, அதைச் சுற்றி 25. இப்படி இருந்தால் டிவியில் வரும் சாதாரண போர்டு. இதற்கு லண்டன் போர்டு என்றும் ஒரு பெயர் உண்டு. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் போர்டு மாறியது. 'நியூஸ் ஆஃப் த வேர்ல்ட்' பத்திரிகை 1927-ல் லண்டன் வட்டாரத்தில் தொடங்கிய போட்டி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாடு முழுவதற்கும் விரிந்தது. அதில் சேர வேண்டுமானால் ட்ரெபிள் உள்ள போர்டில் பழக வேண்டும். அப்புறம் டிவி வந்தது. ஊர் போர்டுகள் ஒதுங்கின, ஆனால் ஒழிந்துவிடவில்லை.

ட்ரெபிள் வளையம் இல்லையென்றால் நீங்கள் ஊர் போர்டின் முன் நிற்கிறீர்கள். யார்க்ஷயர் போர்டில் ட்ரெபிள் கிடையாது, 25 வளையமும் கிடையாது. கிழக்கு லண்டனின் 'ஃபைவ்ஸ்' போர்டில் 12 கட்டங்கள்தான். அவற்றில் 5, 10, 15, 20 என்ற நான்கு எண்கள் மட்டும் திரும்பத் திரும்ப வரும். எல்லாமே ஐந்தின் மடங்கு என்பதால் அங்கே 501-லிருந்து கழித்துப் பூஜ்யத்தில் முடிக்கும் ஆட்டத்தை (படி 3-ல் வரும்) ஆட முடியாது, அதனால் 505 ஆடுவார்கள். அயர்லாந்தில் ட்ரெபிள் இல்லாத கறுப்பு போர்டு உண்டு.

என் மனசுக்குப் பிடித்தது மான்செஸ்டரின் 'லாக் எண்ட்' போர்டு. மரத்தைக் குறுக்கே அறுத்துச் செய்தது. ஆடும் வட்டம் 10 அங்குலம்தான் இருக்கும். சாதாரண போர்டில் அது 34 சென்டிமீட்டர், அதாவது 13 அங்குலத்துக்கும் மேல். உச்சியில் 20-க்குப் பதில் 4. டபுள் வளையம் கோடு போல மெலிசு. முதல் தடவை பார்த்தபோது பப்காரர் அதைத் தண்ணீர் வாளியிலிருந்து எடுத்துத் துணியால் துடைத்து மாட்டினார். ஈர மரத்தின் வாசனை அந்த மூலை முழுக்க. காய்ந்தால் மரம் வெடித்துவிடும், அம்பு போட்ட ஓட்டைகளும் மூடாது. அதனால் ஆடாத நேரத்தில் ஊறப் போட்டுவிடுவார்கள். சணல் போன்ற சைசல் நாரில் செய்த போர்டுகள் 1930-களில் வந்த பிறகு மற்ற இடங்களில் இந்த வேலை இல்லாமல் போயிற்று. சைசல் போர்டில் அம்பு நார்களை விலக்கிக்கொண்டு உள்ளே போகும், எடுத்ததும் நார்கள் தானாக மூடிக்கொள்ளும்.

மான்செஸ்டர் போர்டில் எண் வரிசையே வேறு என்பதால், சாதாரண போர்டில் பழகிய கை தானாக 20-க்குப் போகும், அங்கே 4 இருக்கும். ஆடத் தொடங்கும் முன் இரண்டு நிமிஷம் நின்று எண்களைப் படித்துவிடுங்கள்.

படி 2: கோடு

நிற்கும் கோட்டின் பெயர் 'ஆக்கி'. சாதாரண போர்டுக்கு அது போர்டிலிருந்து 2.37 மீட்டர், நடுப்புள்ளியின் உயரம் தரையிலிருந்து 1.73 மீட்டர். மெஷினில் பழகியவர்கள் கவனியுங்கள்: மெஷினுக்குக் கோடு 2.44 மீட்டர். ஏழு சென்டிமீட்டர் வித்தியாசம்தான், ஆனால் முதல் வாரம் என் அம்பெல்லாம் குறிக்கு மேலேயே போய்க் குத்தியது.

படி 3: எண் பெயர் கொண்ட ஆட்டமா? இரண்டே கேள்விகள்

301, 501, 701 எல்லாம் ஒரே ஆட்டம். அந்த எண்ணிலிருந்து கழித்துக்கொண்டே வந்து சரியாகப் பூஜ்யத்தில் முடிக்க வேண்டும். கேட்க வேண்டியவை: தொடங்க டபுள் வேண்டுமா? முடிக்க டபுள் வேண்டுமா? இங்கே 501 என்றால் பெரும்பாலும் நேராகத் தொடங்கி டபுளில் முடிப்பது. 301 என்றால் தொடங்கவும் டபுள் கேட்பார்கள். உங்கள் டபுள் விழும்வரை எதிராளி எவ்வளவு குவித்தாலும் உங்கள் கணக்கு அசையாது, அதனால் இதைக் கேட்காமல் எறியாதீர்கள்.

டபுளில் முடிக்க 32 மிச்சம் வைப்பதுதான் என் ஓட்டு. டபுள் 16-க்குக் குறிவைத்து, தவறி ஒற்றை 16-ல் விழுந்தால் மிச்சம் 16, அதாவது டபுள் 8. அதுவும் உள்ளே தவறினால் டபுள் 4, அப்புறம் டபுள் 2, டபுள் 1. இரண்டால் வகுத்துக்கொண்டே போகலாம். கழித்து 1 மிச்சம் வந்தாலோ பூஜ்யத்துக்குக் கீழே போனாலோ அந்தச் சுற்று செல்லாது. பழைய எண்ணுக்கே திரும்ப வேண்டும்.

படி 4: கிரிக்கெட்

இங்கேதான் நான் வழுக்கினேன், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவிலும் மெஷின்களிலும் கிரிக்கெட் என்றால்: 15 முதல் 20 வரையுள்ள எண்கள், கூடவே புல்ஸ்ஐ (நடுவிலுள்ள 50-ம் அதைச் சுற்றியுள்ள 25-ம்). ஒவ்வொன்றையும் மூன்று தடவை அடித்து மூட வேண்டும் (டபுள் இரண்டாகவும் ட்ரெபிள் மூன்றாகவும் கணக்கு). பலகையில் முதல் அடிக்கு ஒரு சாய்கோடு, இரண்டாவதுக்குக் குறுக்கே இன்னொன்று, மூன்றாவதுக்கு அதைச் சுற்றி வட்டம். நீங்கள் மூடி எதிராளி மூடாத எண்ணில் மேலும் அடித்தால் உங்களுக்குப் புள்ளி. இருவரும் மூடிவிட்டால் அந்த எண் செத்தது. எல்லாவற்றையும் மூடி, புள்ளியிலும் பின்தங்காமல் இருப்பவர் வெற்றி.

இதே ஆட்டத்துக்கு இங்கிலாந்து பப்களில் பெயர் 'மிக்கி மவுஸ்' அல்லது 'டாக்டிக்ஸ்'. எண்கள் 15-ல் நிற்காமல் 10 வரை இறங்கும் இடங்கள் உண்டு. மூன்று டபுள், மூன்று ட்ரெபிள் என்று தனி வரிசை சேர்ப்பவர்களும் உண்டு. ஆகவே "டாக்டிக்ஸ்" என்றால் உடனே "எதுவரை?" என்று கேளுங்கள்.

அப்படியானால் இங்கிலாந்து பப்பில் கிரிக்கெட் என்றால்? நிஜ கிரிக்கெட்தான். ஒரு பக்கம் பேட்டிங், மறுபக்கம் பௌலிங். மார்க்கர் (கணக்கு எழுதுபவர்) பலகையில் பத்துக் கோடு போடுவார், அவை விக்கெட்டுகள். பேட்டிங் செய்பவர் மூன்று அம்பு எறிவார். கூட்டுத்தொகையில் 40-க்கு மேல் எவ்வளவோ அதுதான் ரன். ட்ரெபிள் 20, ஒற்றை 20, அப்புறம் கை விலகி 5 என்றால் மொத்தம் 85, ரன் 45. ஒற்றை 20, 5, 1 என்றால் மொத்தம் 26, ரன் ஒன்றுமில்லை. பௌலிங் செய்பவருக்கு எண்களே கிடையாது, புல்ஸ்ஐ மட்டும்தான். வெளி வளையம் ஒரு விக்கெட், நடுப்புள்ளி இரண்டு. பத்துக் கோடும் அழிந்ததும் பக்கம் மாறும். இரண்டாவது அணி அந்த ஸ்கோரைத் துரத்த வேண்டும்.

இப்போது புரிந்திருக்கும், பௌலிங் முறையில் 20-ல் மூன்று அம்பை இறக்கியவனைப் பெரியவர் ஏன் அப்படிப் பார்த்தார் என்று. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த ஆட்டம் ஒரு சுற்றிலேயே பிடிபட்டுவிடும். எனக்கு இப்போது 501-ஐ விட இதுதான் பிடிக்கும். ஆறு பேர் இருந்தாலும் மூன்று மூன்றாகப் பிரிந்து ஆடலாம், புதியவரைப் பௌலிங்கில் விட்டால் கணக்குத் தெரியாமலே அணிக்கு உதவலாம்.

கேட்க வேண்டிய ஒரே கேள்வி: பௌலரின் தவறிய அம்பை என்ன செய்வது? சும்மா விட்டுவிடும் பப் உண்டு, அதை எதிரணிக்கு எக்ஸ்ட்ராவாகக் கொடுக்கும் பப்பும் உண்டு. இரண்டாவது வகையானால், புல்ஸ்ஐக்குத் தப்பும் ஒவ்வொரு அம்புக்கும் விலை உண்டு.

படி 5: மற்ற பெயர்கள், வேகமாக

'ரவுண்ட் த கிளாக்': 1 முதல் 20 வரை வரிசையாக அடித்து, கடைசியில் புல்ஸ்ஐ. அமெரிக்காவில் 'அரவுண்ட் த வேர்ல்ட்' என்றால் இதுதான். டபுள் அடித்தால் ஒரு எண்ணைத் தாண்டலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

'ஷாங்காய்': முதல் சுற்றில் 1, இரண்டாவதில் 2 என்று போகும். ஒரே சுற்றில் அந்த எண்ணின் ஒற்றை, டபுள், ட்ரெபிள் மூன்றையும் அடித்தால் அந்த இடத்திலேயே வெற்றி. 7 சுற்றா 20 சுற்றா என்பது இடத்துக்கு இடம் மாறும்.

'கில்லர்': பழக்கமில்லாத கையால் எறிந்து உங்கள் எண்ணைப் பிடிக்க வேண்டும். அதன் டபுளை அடித்தால் நீங்கள் கில்லர். அப்புறம் மற்றவர்களின் டபுளை அடித்து அவர்கள் உயிர்களைக் குறைக்கலாம். மூன்று உயிர் வழக்கம், ஐந்தும் உண்டு.

'பேஸ்பால்': 9 இன்னிங்ஸ், முதல் இன்னிங்ஸில் 1, இரண்டாவதில் 2. ஒற்றைக்கு ஒரு ரன், டபுளுக்கு இரண்டு, ட்ரெபிளுக்கு மூன்று. கிழக்குப் பென்சில்வேனியாவில் மர போர்டில் இதுதான் முக்கிய ஆட்டம்.

'ஹாவ் இட்': ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குறி, மூன்று அம்பும் தவறினால் சேர்த்த புள்ளி பாதியாகும். கடைசிச் சுற்றுவரை யார் வெல்வார் என்று சொல்ல முடியாது.

படி 6: காதில் விழும் சொற்கள்

20, 5, 1 என்று விழுந்து 26 வந்தால் "பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்" என்பார்கள். ஒரு காலத்தில் விடுதியில் ஓர் இரவும் காலை உணவும் இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்பதால் வந்த பெயர் என்று சொல்வார்கள். டபுள் 1-க்கு "மேட்ஹவுஸ்", பைத்தியக்கார வீடு. அங்கே மாட்டினால் வெளியே வருவது அவ்வளவு கஷ்டம். நூறு என்றால் "டன்". "மிடில் ஃபார் டிடில்" என்றால் நடுவுக்கு யார் கிட்டே எறிகிறாரோ அவர் முதலில். "மக்ஸ் அவே" என்றால் தோற்றவர் அடுத்த ஆட்டத்தைத் தொடங்குவார். இந்தக் கடைசிச் சொல் புரியாமல் நின்றால் ஆட்டமே நின்றுவிடும்.

சாமான்

பப்பில் கிடக்கும் பித்தளை அம்புகளை விட்டுவிடுங்கள். 90 சதவீத டங்ஸ்டன், 22 கிராம், நைலான் தண்டு, கூடவே நான்கைந்து செட் உபரி இறகுகள். டங்ஸ்டன் அடர்த்தியானது என்பதால் அதே எடைக்கு அம்பு மெலிசாக வரும். ட்ரெபிள் 20-க்குள் மூன்று அம்புக்கும் இடம் கிடைக்கும். ஒரு சின்ன உரைகல்லும் பையில் வேண்டும். முனையில் பிசிர் இருந்தால் போர்டின் நார் கிழியும், மர போர்டில் அம்பு நிற்காமல் விழும்.

கணக்குக்குப் போன் செயலி வேண்டாம், சாக்பீஸ் பிடியுங்கள். இரண்டு வாரம் மார்க்கராக நின்றால் கழித்தல் வேகமாக வரும். அதைவிட முக்கியம், அந்தப் பப்பின் விதிகள் அத்தனையும் காதில் விழும்.

பிற்சேர்க்கை 1: கில்லர் ஆட்டத்தில் தன் டபுளைத் தானே மறுபடி அடித்தால் என்ன என்று ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். கில்லர் ஆன பிறகு என்றால் உங்கள் உயிர்தான் ஒன்று போகும். இதை எழுத விட்டுவிட்டேன், மன்னிக்கவும். உங்கள் எண்ணுக்குப் பக்கத்து எண்காரரைக் குறிவைக்கும்போது கவனம்.

பிற்சேர்க்கை 2: சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர், மெஷினில் 25 வளையத்தில் அடித்தாலும் 50 ஏறுகிறதே, பழுதா என்று கேட்டிருக்கிறார். பழுதில்லை. அதற்குப் பெயர் 'ஃபேட் புல்'; 501, 701 போன்ற ஆட்டங்களில் மெஷின்கள் பலவும் இரண்டு வளையத்துக்கும் 50 கொடுக்கும். 25, 50 என்று பிரித்துக் கொடுப்பது வேண்டுமானால் அமைப்பில் 'ஸ்பிளிட் புல்' தேர்ந்தெடுங்கள். அதே திரையில் 'மாஸ்டர் அவுட்' என்று இருந்தால் டபுளில் மட்டுமல்ல, ட்ரெபிளிலும் முடிக்கலாம். 'கவுண்ட் அப்' என்பது 8 சுற்று, அடித்ததையெல்லாம் கூட்டுவது மட்டும். தனியாகப் பழகுவதற்கு மெஷினில் நான் முதலில் போடுவது அதுதான்.