கஞ்சா பானத்தின் டின்னில் எழுதியிருப்பதைப் படிக்கும் முறை

மண்டபம் அகதிகள் முகாமில் சில காலம் இருந்துவிட்டு டொராண்டோ பக்கம் குடியேறியவர்களின் உறவுகள் ராமநாதபுரம் கடற்கரையில் இன்றும் இருக்கிறார்கள். கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று தொழிலுக்குப் போன ஒருவராவது இல்லாத தெருவைக் காண்பது அரிது. கனடாவுக்கு விருந்தாளியாகப் போகும் நம்மவரிடம், "அண்ணை, இது சும்மா எலுமிச்சை சோடாதான், குடியுங்கோ" என்று குளிர்ப்பெட்டியிலிருந்து கஞ்சா கலந்த ஒரு டின்னை எடுத்து நீட்டும் வாய்ப்பு இப்போது உண்மையிலேயே இருக்கிறது. அந்த டின்னில் என்ன எழுதியிருக்கிறது, அதில் உள்ள எண்ணுக்கு என்ன பொருள், அந்த எண் எந்த எல்லைக்கு அப்பால் செல்லாது என்பதை அறிந்துகொள்ள விரும்புவோருக்கும், ஊர் திரும்பும் பயணப் பெட்டியைத் திறந்து பார்க்கும் வீட்டாருக்கும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

முதலில் குறியைத் தேடுங்கள். கனடாவில் பெரியவர்கள் கஞ்சா வாங்குவது 2018 அக்டோபர் 17 அன்று சட்டபூர்வமானது. பானங்களும் தின்பண்டங்களும் அதற்கு ஓராண்டு கழித்தே விதிகளுக்குள் வந்தன. அங்கே சட்டப்படி விற்கப்படும் டின்னில், சிவப்பு நிற எண்கோணத்துக்குள் கஞ்சா இலையும் அதன் கீழே டி.எச்.சி. (THC) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் இருக்கும். மஞ்சள் கட்டத்துக்குள் உடல்நல எச்சரிக்கை ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். பழப் படமும் கவர்ச்சியான எழுத்தும் நிறைந்து, இந்தக் குறி மட்டும் இல்லாத டின் அங்கே சட்டக் கடையில் வாங்கியதாக இருக்க வாய்ப்பில்லை. அதில் எழுதியிருக்கும் எந்த எண்ணையும் நம்ப வேண்டாம். அமெரிக்காவில் குறியும் விதியும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகின்றன.

அடுத்து மில்லிகிராம் எண்ணைப் பாருங்கள். போதையைத் தருவது டி.எச்.சி.; சி.பி.டி. (CBD) என்று தனியாகக் குறிக்கப்படும் பொருள் அந்தப் போதையைத் தருவதில்லை. டி.எச்.சி. பற்றி இரண்டு வரிகள் இருந்தால், "மொத்த டி.எச்.சி." என்ற பொருளில் உள்ள பெரிய எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். கனடாவில் ஒரு டின்னுக்குள் 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலமோ ஒரு பரிமாறலுக்கு (ஒருவர் ஒரு முறை குடிக்கும் அளவுக்கு) 5 மில்லிகிராம் என்றும், ஒரு டின்னுக்குள் இரண்டு பரிமாறல் வரை இருக்கலாம் என்றும் 2023 இல் வகுத்தது. இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டின்னின் முகப்பில் "5" என்று படித்துவிட்டு முழுவதையும் குடித்தவர் உண்மையில் குடித்தது 10. ஆகவே முகப்பு எண்ணோடு நிறுத்தாமல், டின்னைத் திருப்பி எத்தனை பரிமாறல் என்று பார்த்து, இரண்டையும் பெருக்கிய பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

அளவு மில்லிகிராமில் இல்லாமல் விழுக்காட்டில் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அமெரிக்காவின் 2018 ஆம் ஆண்டு வேளாண் சட்டம், உலர்ந்த எடையில் 0.3 விழுக்காட்டுக்கு மேல் டி.எச்.சி. இல்லாத சணல்வகைக் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது. வயலில் நிற்கும் செடிக்கு அது பொருத்தமான அளவுகோல். அதே அளவுகோலைப் பானத்தின் மேல் வைத்துப் பாருங்கள்: அங்கே வழக்கமான டின் 355 மில்லி லிட்டர், அதன் எடை ஏறக்குறைய 355 கிராம், அதில் 0.3 விழுக்காடு என்பது ஆயிரம் மில்லிகிராமுக்கும் மேல். கனடா அனுமதிக்கும் அளவைப் போல் நூறு மடங்கு! செடிக்கு வகுத்த வரம்பு தண்ணீருக்கு வரம்பே அல்ல என்பதை இந்த ஒரு கணக்கே காட்டிவிடுகிறது. இந்த ஓட்டையை அடைக்க 2025 நவம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு டின்னுக்கு 0.4 மில்லிகிராம் என்ற வரம்பை, ஓராண்டு அவகாசத்துடன் சட்டமாக்கியது. ஒரு முனையில் ஆயிரம், மறுமுனையில் அரைக்கும் குறைவு. குடிப்பவரின் உடம்பை மனத்தில் வைத்து எழுதினால் இப்படி ஊசலாட நேராது. ஒரு டின்னுக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதுவதே பானத்துக்கு ஏற்ற முறை என்பது என் உறுதியான கருத்து.

அந்த முறையைப் பின்பற்றும் கனடாவிலும் சட்டம் வேறோர் இடத்தில் தடுமாறியிருக்கிறது. கனடாவில் பொது இடத்தில் ஒருவர் வைத்திருக்கக்கூடிய அளவு 30 கிராம் உலர்ந்த கஞ்சா அல்லது அதற்கு ஈடானது. பானத்துக்கான ஈட்டை அதன் மொத்த எடையைக் கொண்டு கணக்கிட்டதால், 2 மில்லிகிராம் மட்டுமே உள்ள மென்மையான டின்னும் 10 மில்லிகிராம் டின்னும் ஒரே எடையாகக் கருதப்பட்டன; 355 மில்லி லிட்டர் டின் ஐந்துக்கு மேல் வைத்திருக்க முடியாமல் போனது. 2022 டிசம்பரில் அது திருத்தப்பட்டு 48 டின்களாக உயர்ந்தது. டின் ஒவ்வொன்றுக்குமான 10 மில்லிகிராம் வரம்பு மட்டும் மாறவில்லை. உச்ச வரம்பை ஒட்டியே பல டின்கள் தயாராவதால், அந்த 10 என்பதை "ஒரு ஆளுக்கு உரிய அளவு" என்று புதியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அது விற்பவருக்குப் போட்ட வேலி. முதல்முறை குடிப்பவர் 2.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பதே கனடா சுகாதாரத் துறையின் அறிவுரை. அதாவது டின்னில் கால் பங்கு.

டி.எச்.சி. எண்ணெயில் கரையுமே தவிர நீரில் கரையாது. ரசத்தின் மேல் நிற்கும் நெய்யைப் போலப் பிரிந்துவிடும். ஆகவே அதை மிக நுண்ணிய துளிகளாக உடைத்துப் பானத்தில் கலக்கிறார்கள். இதனால் தின்பண்டத்தைவிடப் பானம் விரைவாக வேலை செய்கிறது. பல பானங்களில் 15 முதல் 30 நிமிடத்தில் தொடக்கம் தெரியும். தின்பண்டத்துக்கு இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். ஆனாலும் ஆளுக்கு ஆள், அப்போது வயிற்றில் இருக்கும் சாப்பாட்டுக்கு ஏற்ப, இது மாறும். "ஒன்றும் செய்யவில்லையே" என்று அரை மணி நேரத்தில் அடுத்த டின்னைத் திறப்பதே பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணம். இன்னொன்று: டின்னின் உட்பூச்சில் டி.எச்.சி. ஒட்டிக்கொள்வதுண்டு என்பதால் நாள்பட்ட டின்னில் எழுதிய அளவு இருக்காமல் போகலாம். மதுவோடு சேர்த்துக் குடித்தால் இரண்டின் மயக்கமும் கூடும். கனடா விதிகள் ஒரே பானத்தில் இரண்டையும் கலக்க விடுவதில்லை. குடிப்பவரும் வெளியே கலக்காமல் இருக்க வேண்டும்.

இனி, அந்த எண் செல்லாத இடங்களுக்கு வருவோம். கனடாவின் எல்லையைத் தாண்டிக் கஞ்சா பானத்தைக் கொண்டுசெல்வதும் உள்ளே கொண்டுவருவதும் கனடா சட்டப்படியே குற்றம். இந்தியாவில் 1985 ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கஞ்சாவுக்குச் சொல்லும் விளக்கத்திலேயே அதிலிருந்து தயாரிக்கப்படும் பானத்தையும் சேர்த்திருக்கிறது. இத்தனை மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் குடிக்கலாம் என்று எந்த வரம்பும் இங்கே இல்லை. மேலும், கலவையில் தூய போதைப்பொருள் எவ்வளவு என்று பிரித்துப் பாராமல் முழுக் கலவையின் எடையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2009 இல் மத்திய அரசு அறிவித்தது. அதை 2020 இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அங்கே 10 மில்லிகிராம் என்று படிக்கப்படும் டின், இந்தக் கணக்கில் 355 கிராமாக நிற்கும். பாக் நீரிணை வழியாகக் கஞ்சா கடத்தல் நடப்பதால் கடலோரக் காவலும் சுங்கமும் எப்போதும் விழிப்பாக இருக்கும் இந்தக் கரையில், பெட்டியில் கிடந்த ஒரு டின்னுக்கு "எனக்குத் தெரியாது" என்ற பதில் போதாது. புறப்படும் முன் பெட்டியைக் கட்டுபவர் யாராக இருந்தாலும், ஒவ்வொரு டின்னையும் திருப்பிப் பார்த்துவிட்டே வைக்க வேண்டும்.

சிங்கப்பூரில் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ பெற்ற கீழக்கரைக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்நாட்டுச் சட்டம், அவர்கள் வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொண்டாலும் அதைக் குற்றமாகவே கொள்கிறது. டொராண்டோவில் சட்டப்படி குடித்த ஒரு டின், சாங்கி விமான நிலையத்தில் சிறுநீர்ப் பரிசோதனையில் வெளிப்படக்கூடும்.

ராமேஸ்வரத்துக்குக் காசியிலிருந்து வரும் யாத்திரிகர்களின் வழக்கத்தில், கஞ்சா இலையை அரைத்துச் செய்யும் பாங்கும் உண்டு. பூவும் காயும் சேராத இலையை மத்தியச் சட்டத்தின் கஞ்சா விளக்கம் விட்டுவைத்திருப்பதால், வாரணாசியில் உரிமம் பெற்ற கடைகள் அதை விற்கின்றன. தமிழ்நாட்டில் அத்தகைய உரிமக் கடை இல்லை. பாலில் அரைத்துக் கலந்த பாங்குக்கு டின்னும் இல்லை, எண்ணும் இல்லை. ஒரு குவளையில் எவ்வளவு இருக்கிறது என்பதை அரைத்தவராலும் சொல்ல முடியாது. பிரசாதம் என்று யார் நீட்டினாலும், என்ன கலந்தது என்று கேட்காமல் வாங்கிக் குடிக்காதீர்கள்.

தெரியாமல் யாராவது குடித்துவிட்டால், பெரியவராக இருந்து படபடப்பும் பயமும் மட்டும் இருந்தால், அமைதியான அறையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் ஒருவர் இருந்தால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணியும். அதுவரை வண்டி ஓட்டவோ, படகேறவோ, அக்னி தீர்த்தத்தில் இறங்கவோ விடாதீர்கள். நெஞ்சுவலி, மயக்கம், நிற்காத வாந்தி, குழப்பமான பேச்சு இருந்தால் காத்திருக்க வேண்டாம். குழந்தை குடித்திருந்தால் அறிகுறி எதுவும் தெரியாவிட்டாலும் உடனே 108 ஐ அழையுங்கள். குழந்தைகளுக்கு ஆழ்ந்த மயக்கமும் மூச்சு மந்தமும் வரக்கூடும், ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் நகருக்கோ 50 கிலோமீட்டருக்கு மேல் பயணம் இருக்கிறது. வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். தூங்கிவிட்டவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வழக்குக்குப் பயந்து "வெயில் மயக்கம்" என்று மருத்துவரிடம் மாற்றிச் சொன்னால், அவர் தேவையற்ற பரிசோதனைகளில் நேரத்தை இழப்பார். என்ன குடித்தார், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்ற மூன்றையும் உள்ளபடி சொல்லி, டின் கையில் இருந்தால் அதையும் கொண்டுபோய், மில்லிகிராம் எழுதிய பக்கத்தை மருத்துவருக்குக் காட்டுங்கள்.