சொல்தா தாத்தாவின் படைச் சேவையை ஆவணங்களில் தேடும் முறை

பிரெஞ்சுப் படையில் பணியாற்றித் திரும்பியவரைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்பார்கள். அப்படிப்பட்ட ஒருவரின் பேரப்பிள்ளைகளிடம் இன்று எஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒரு பதக்கமும் வியட்நாமின் சைகோனில் எடுத்த புகைப்படமும்தான். எந்தப் படைப்பிரிவு, எத்தனை ஆண்டு என்று கேட்டால் வீட்டில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கதைகளை ஒதுக்கிவிட்டு முதலில் டிரங்குப் பெட்டியைத் திறக்க வேண்டும். லிவ்ரே மிலித்தேர் எனப்படும் படைவீரர் கையேடோ பென்சன் புத்தகமோ கிடைத்தால் அதிலுள்ள மத்ரிக்குல் எண்ணை, அதாவது படைப் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் நான்கு பேர் இருந்தாலும் உங்களவரைப் பிரித்துக் காட்டுவது அந்த எண்தான்.

அடுத்தது பெயர். தேடுவோரில் பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். நானும் என் தாத்தாவின் அண்ணனை ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடிப் பல மாதங்களை வீணாக்கினேன். பிரெஞ்சு எழுத்தர் உகரத்துக்கு ஓ, யூ என்ற இரண்டெழுத்தைப் போடுவார். ஆகவே முத்து என்பது எம்-ஓ-யூ-டி-டி-ஓ-யூ என்று பதிவாகியிருக்கும். இராமசாமியின் சகரத்துக்கு இரட்டை எஸ் வரும். பிள்ளை என்பதோ, பி-ஓ-யூ-எல்-எல்-இ என்று அடையாளம் தெரியாமல் மாறி நிற்கும். தகப்பனார் பெயர் குடும்பப் பெயராகவும், அவரவர் பெயர் குடும்பப் பெயராகவும் மாறிமாறி எழுதப்பட்டிருப்பதால் இரண்டையும் முன்பின்னாக மாற்றித் தேடுவது நல்லது. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணையின்படி தங்கள் வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் குடும்பங்கள் அப்போது புதிய குடும்பப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டன. அந்தப் பெயர் தெரியாமல் தேடினால் எதுவும் அகப்படாது.

பிறந்த தேதியையும் பெயரின் சரியான எழுத்தையும் உறுதிசெய்வது எத்தா சிவில் எனப்படும் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடு. பழைய பதிவேடுகளின் படிமங்களைப் பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்சில் உள்ள கடல்கடந்த பகுதிகளின் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. பிற்காலத்தவருக்கு இங்குள்ள நகராட்சியில் கேட்கலாம்.

பிறந்த ஆண்டு தெரிந்தால் அதனுடன் 20ஐக் கூட்டுங்கள். அதுவே அவருடைய 'கிளாஸ்', அதாவது படைக்கு அழைக்கப்படும் அணியின் ஆண்டு. 1894இல் பிறந்தவர் 1914ஆம் கிளாஸ். ஆள்சேர்ப்புப் பதிவேடுகள் இந்த வரிசையில்தான் அடுக்கப்பட்டிருக்கும். அப்பதிவேட்டின் பக்கம் ஒன்றைப் பார்த்தால் உயரம், கண்ணின் நிறம், கல்வியின் அளவு, மாறிய படைப்பிரிவுகள், தண்டனைகள் வரை இருப்பதைக் கண்டு வியப்பீர்கள். புகைப்படமே இல்லாத குடும்பத்துக்கு அந்த அங்க அடையாளம் பெரிய கொடை.

முதல் உலகப் போரில் இறந்தவராயின் வழி எளிது. பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'மெமுவார் தேஸ் ஓம்' தளத்தில் நாட்டுக்காக உயிர்நீத்தவர்களின் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் உள்ளன. அட்டையில் பதவி, படைப்பிரிவு, மத்ரிக்குல் எண், கிளாஸ், ஆள்சேர்ப்பு அலுவலகம், இறந்த இடம், இறந்த விதம் ஆகியவை இருக்கும். உயிரோடு திரும்பியவர் அந்த அட்டைகளில் இருக்கமாட்டார் என்பதை மறந்துவிட்டு, பெயர் இல்லையே, தாத்தா சொன்னது பொய்யோ என்று ஐயப்பட வேண்டாம்.

இரண்டாம் உலகப் போரில் ஜெனரல் தெ கோலின் சுதந்திர பிரான்சுப் படையில் சேர்ந்தவர்களுக்குப் பாரிசை ஒட்டிய வென்சேன் கோட்டையிலுள்ள இராணுவ வரலாற்றுத் துறையின் 16 பி (16 P) என்ற கோப்பு வரிசையில் தேட வேண்டும். இந்தோசீனா முதலிய இடங்களில் நெடுங்காலம் பணியாற்றியவர்களுக்குப் பிரான்சின் போ (Pau) நகரிலுள்ள படைவீரர் ஆவண மையத்துக்கு எழுதலாம். கடிதம் பிரெஞ்சில் இருக்கட்டும். பிறந்த ஊரைப் 'பிரெஞ்சு இந்தியா' என்ற சொல்லோடு எழுதி, இறப்புச் சான்று, உறவை நிறுவும் சான்று, கையேட்டின் முதல் பக்கம் ஆகியவற்றின் நகல்களை மட்டும் இணையுங்கள்.

வந்து சேரும் தாளில் சுருக்கெழுத்துகள் மலிந்திருக்கும். 11 எர்.இ.சே. (11 R.I.C.) என்றிருந்தால் அது சைகோனில் நிலைகொண்டிருந்த 11ஆவது காலனியக் காலாட்படைப் பிரிவு. மற்றவற்றை, ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தில் பதக்கங்களோடு கூடும் முதியவர்களிடம் காட்டினால் நின்ற நிலையிலேயே படித்துச் சொல்லிவிடுவார்கள்.