சவ்வுப் புரதத்தை ஜெல் மணிக்குள் அடைத்து மருந்து சோதிப்பது: பாலக்கீரையில் ஒரு பயிற்சி

இன்றைய மருந்துகளில் பாதிக்கு மேல் செல்சவ்வில் இருக்கும் புரதங்களில் போய் ஒட்டித்தான் வேலை செய்கின்றன. ஆனால் சவ்வை விட்டு வெளியே எடுத்தால் அந்தப் புரதம் உருக்குலைந்துவிடும். அதனால் சவ்வோடு சேர்த்தே ஒரு திடப்பொருளுக்குள் அடைத்து, மருந்தை உள்ளே ஊற விட்டுப் பார்க்கிறார்கள். விலையுயர்ந்த ஏற்பியில் (மருந்து போய் ஒட்டும் சவ்வுப் புரதம்) கைவைக்கும் முன் பாலக்கீரையில் பழகலாம். கீரையின் பசுங்கணிகத்துக்குள் ஒளிச்சேர்க்கை நடக்கும் தைலகாய்டு சவ்வில் 'ஒளி அமைப்பு 2' என்ற புரதத் தொகுதி இருக்கிறது. டயூரான் என்ற களைக்கொல்லி அதிலுள்ள டி1 புரதத்தின் ஒரு குழியில் உட்கார்ந்து எலக்ட்ரான் ஓட்டத்தை நிறுத்தும். மருந்தும் ஏற்பியும் போலவேதான்.

சவ்வைப் பிரிப்பது

முதலில் தாங்கல் கரைசல், அதாவது பி.எச். மாறாமல் காக்கும் கரைசல். 100 மி.லி. காய்ச்சி வடித்த நீருக்கு சுக்ரோஸ் 13.7 கிராம், ட்ரைசின் 0.9 கிராம், உப்பு 0.06 கிராம், மெக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 0.1 கிராம், பி.எச். 7.8. பாஸ்பேட் தாங்கல் வேண்டவே வேண்டாம். அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் கால்சியத்தால் இறுகும் ஜெல் மணிகளைக் கரைத்துவிடும். சிட்ரேட்டும் ஈ.டி.டி.ஏ.-வும் அதே ரகம்.

நரம்பு நீக்கிய இளங்கீரை 50 கிராமை, ஐஸில் குளிர்ந்த 100 மி.லி. தாங்கலோடு மிக்ஸியில் ஐந்தைந்து விநாடியாக மூன்று தடவை மட்டும் அடியுங்கள். சட்னி மாதிரி அரைத்தால் போச்சு. நாலு மடிப்பு மல் துணியில் வடிகட்டி, மையவிலக்குக் கருவியில் 200 ஜி (புவியீர்ப்பைப் போல் 200 மடங்கு) விசையில் ஒரு நிமிடம் சுழற்றி அடிக்கசடைத் தள்ளுங்கள். மேல்நீரை 3,000 ஜி-யில் 10 நிமிடம் சுழற்றினால் கிடைக்கும் பச்சை வண்டல்தான் நமக்கு வேண்டியது. (சுழல் ஆரம் 10 செ.மீ. என்றால் இவை நிமிடத்துக்குச் சுமார் 1,340, 5,200 சுற்றுகள்.) வண்டலைச் சுக்ரோஸ் இல்லாத நீர்த்த தாங்கலில் ஒரு நிமிடம் கலக்கிப் பசுங்கணிகத்தின் வெளியுறையை வெடிக்க வையுங்கள். மறுபடி சுழற்றி, 3 மி.லி. முழுத் தாங்கலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காடு பக்கத்தில் இருப்பவர்களுக்குக் காப்பி இலையைப் போட்டுப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். அதிலுள்ள பாலிபீனால்கள் அரைத்ததும் பழுப்பேறிப் புரதத்தைக் கெடுக்கும். மற்றபடி சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிர் இந்த வேலைக்கு வரம். சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் அறைக்குள் வைத்தே செய்தால், 35 டிகிரியைத் தாண்டும்போது ஒளி அமைப்பு 2 வேகமாகச் செயலிழக்கும். எல்லாப் பாத்திரமும் ஐஸ் மேலேயே இருக்கட்டும்.

பச்சையத்தை அளக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். 10 மைக்ரோ லிட்டர் சவ்வை 990 மைக்ரோ லிட்டர் 80% அசிட்டோனில் கலந்து சுழற்றி, நிறமாலை ஒளிமானியில் 652 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் படியுங்கள். வந்த எண்ணை 34.5-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் மி.லி.க்கு எத்தனை மி.கி. என்று தெரியும். 0.69 வந்தால் 2 மி.கி. அதை 1 மி.கி. ஆகும்வரை நீர்க்கவும்.

மணி போடுவது

கடற்பாசியிலிருந்து எடுக்கும், கால்சியம் பட்டதும் ஜெல்லாக இறுகும் சோடியம் ஆல்ஜினேட் 1.25 கிராமை, கலக்கிக்கொண்டே இருக்கும் 50 மி.லி. தாங்கலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் கட்டி கட்டும். போர் தண்ணீரும் உதவாது, அதிலுள்ள கால்சியமே ஆல்ஜினேட்டைத் திரளவைத்துவிடும். மெக்னீசியத்துக்கு ஆல்ஜினேட் மசியாது, அதனால்தான் நம் தாங்கலில் மெக்னீசியம் இருந்தும் ஒன்றும் ஆகவில்லை. மாக்னசைட் என்ற மெக்னீசியத் தாது கிடைக்கும் சேலத்துக்காரர்கள் இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஆல்ஜினேட் 8 மி.லி., சவ்வு 2 மி.லி., நுரை வராமல் கலந்து, மெல்லிய ஊசி வழியாகப் பத்து செ.மீ. உயரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். கீழே 50 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு, அதாவது 100 மி.லி. தாங்கலுக்கு டைஹைட்ரேட் உப்பு 0.735 கிராம், ஐஸில் குளிர்ந்தபடி இருக்கட்டும். ஜவ்வரிசி அளவில், 3 மி.மீ. மணிகள் விழும். மணிக்கு வால் முளைத்தால் கரைசல் அதிகக் கெட்டி; தட்டையானால் உயரம் தப்பு. 20 நிமிடம் இருட்டில் இறுகவிட்டு, 5 மில்லிமோலார் கால்சியம் சேர்த்த தாங்கலில் கழுவுங்கள். இனி எல்லாத் தாங்கலிலும் இந்த 5 மில்லிமோலார் இருக்க வேண்டும்.

சோதனை

ஒரு குழாய்க்கு 10 மணி, 3 மி.லி. தாங்கல். டயூரானை எத்தனாலில் கரைத்து 0, 0.03, 0.1, 0.3, 1, 10 மைக்ரோமோலார் என வையுங்கள். எல்லாக் குழாயிலும் எத்தனால் ஒரே அளவு, 0.5%. பூஜ்யக் குழாயிலும்தான். கடையில் விற்கும் களைக்கொல்லித் தூளில் சோப்பு போன்ற சேர்மானங்கள் உண்டு, அவையே சவ்வைக் கிழிக்கும். தூய வேதிப்பொருளாக வாங்குங்கள்.

15 நிமிடம் இருட்டில் ஊறட்டும். பலர் கோட்டைவிடும் இடம் இது. மருந்து மணியின் நடுவரை போய்ச் சேரும் முன் அளந்தால், வீரியமான மருந்தும் சோப்ளாங்கி மாதிரித் தெரியும்.

பிறகு எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் டி.சி.பி.ஐ.பி. என்ற நீலச் சாயம் 50 மைக்ரோமோலார் சேர்த்து, 15 செ.மீ. தள்ளி 20 வாட் வெள்ளை எல்.இ.டி. விளக்கைப் போடுங்கள். எலக்ட்ரான் கிடைத்தால் நீலம் வெளுக்கும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை நீரை மட்டும் எடுத்து 600 நானோமீட்டரில் படித்து, திரும்பக் குழாயில் ஊற்றுங்கள்.

கூடவே ஒரு குழாயைத் தகட்டுத்தாள் சுற்றி இருட்டில் வையுங்கள். அதிலும் நீலம் குறையும்! சாயம் மணிக்குள் ஊறுவதுதான் காரணம். அந்தக் குறைவைக் கழிக்காவிட்டால், செத்த சவ்வும் உயிரோடு இருப்பதாகத் தோன்றும். மூலிகைச் சாறு சோதிப்பவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. வைட்டமின் சி இந்தச் சாயத்தை நேரடியாகவே வெளுக்கும். நெல்லிக்காய்ச் சாறு விட்டால் விளக்கே வேண்டாம்.

10 மைக்ரோமோலாரிலும் வெளுப்பு நிற்கவில்லை என்றால் ஊறும் நேரத்தையும் மணியின் அளவையும் பாருங்கள். பச்சையத்தைக் கூட்டிப் போடுவது பலன் தராது. வெளிச்சம் உள்ளே போகாது; மருந்தையும் அதிகச் சவ்வு உறிஞ்சிக்கொள்ளும், அதனால் பாதி அளவு தடுக்கத் தேவையான செறிவு பொய்யாக உயரும்.

சிலிக்காவுக்குப் போகும்போது

உண்மையான மருந்து ஏற்பிகளுக்குச் சிலிக்கா ஜெல் பயன்படுகிறது. அதன் துளைகள் இன்னும் சிறியவை. சிலிக்கா ஜெல் செய்ய வழக்கமாகப் போடும் டெட்ராமீத்தாக்ஸிசிலேன் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் நாலு மெத்தனாலை விடுவிக்கும், அது கொழுப்புச் சவ்வைக் குலைக்கும். சவ்வுப் புரதத்துக்கு கிளிசரால் இணைந்த சிலேன் அல்லது சோடியம் சிலிகேட் வழி நல்லது. உறைந்த ஜெல்லை உலரவிடக் கூடாது. சுருங்கும்போது துளைகளும் இறுகி, உள்ளே இருக்கும் புரதத்தை நசுக்கிவிடும்.