சின்னப் படகின் அவுட்போர்டு மோட்டார்: நீங்களே செய்யக்கூடிய பராமரிப்பு

படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் எஞ்சின்தான் அவுட்போர்டு மோட்டார். அது நடுக்கடலில் நின்றுபோனதற்குக் காரணம் தேடினால், பாதி நேரம் தேடல் தண்ணீரில்தான் போய் முடியும். பெட்ரோலில் கலந்த தண்ணீர், கியர்பாக்ஸுக்குள் புகுந்த தண்ணீர், இல்லையென்றால் எஞ்சினைக் குளிரவைக்க மேலே ஏறாத தண்ணீர். மூன்றையும் கரையிலேயே கண்டுபிடித்துவிடலாம். 8 முதல் 25 குதிரைத்திறன் வரையுள்ள, பெட்ரோலில் ஆயில் கலந்து ஓடும் டூ-ஸ்ட்ரோக் மோட்டாரை வைத்து எழுதியிருக்கிறேன்.

1. உப்பை அலசுவது

உப்புத் தண்ணீரில் ஓடிய ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். பெரிய டிரம்மில் மோட்டாரின் கால் பகுதியை இறக்கி, உறிஞ்சும் துளைகள் நன்றாக மூழ்கும்வரை தண்ணீர் நிரப்பி, நியூட்ரலில் 10 நிமிடம் ஓட விடுங்கள். இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிட்டால் பயன் குறைவு. எஞ்சின் சூடாகி தெர்மோஸ்டாட் (சூட்டில் திறக்கும் வால்வு) திறந்த பிறகுதான் உள் வழிகளில் நல்ல தண்ணீர் முழுதாகப் போகும்.

தண்ணீர் இல்லாமல் "சும்மா ஒரு தடவை" ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது. தண்ணீரை மேலே ஏற்றும் பம்பின் ரப்பர் இம்பெல்லருக்கு (சுழலும் இறக்கைச் சக்கரம்) தண்ணீர்தான் வழுக்கல்; அது இல்லையென்றால் சில நொடிகளிலேயே இறக்கைகள் தேய்ந்து கருகும். எஞ்சினைக் குளிரவைத்துவிட்டுப் பின்னால் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்தால் முதலில் அந்தத் துளையில் மெல்லிய கம்பி விட்டுப் பாருங்கள். அடைப்பு இல்லையென்றால் இம்பெல்லரை மாற்ற வேண்டும். நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவதுதான் என் கட்சி.

2. கியர் ஆயில்: பலரும் சறுக்கும் இடம்

100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கியர் ஆயிலை மாற்றுங்கள். மோட்டாரைச் செங்குத்தாக நிறுத்துங்கள். கியர்பாக்ஸில் இரண்டு ஸ்க்ரூ இருக்கும்: கீழே ஆயில் வடிய, மேலே காற்று போக. சில பழைய மாடல்களில் கீழ் ஸ்க்ரூவுக்குப் பக்கத்திலேயே நட்சத்திரத் தலை ஸ்க்ரூ ஒன்றும் இருக்கும். அதைத் தொடாதீர்கள். அது கியர் மாற்றும் லிவரைத் தாங்குவது. கழற்றினால் லிவர் உள்ளே நழுவி, கியர்பாக்ஸையே பிரிக்க வேண்டிவரும்.

கீழ் ஸ்க்ரூவை எடுத்துவிட்டு மேல் ஸ்க்ரூவையும் எடுத்தால்தான் ஆயில் முழுதாக வடியும். வடிந்ததைப் பாருங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. தண்ணீரைத் தடுக்கும் ஆயில் சீல் வளையத்தை மாற்றாமல் புது ஆயில் ஊற்றுவது வீண்செலவு. உலோகச் சீவல் இருந்தால் மெக்கானிக்கிடம் போங்கள்.

நிரப்புவது எப்போதும் கீழிருந்து மேலே. மேலிருந்து ஊற்றினால் உள்ளே காற்று தங்கி, நிறைந்துவிட்டது போல ஏமாற்றும். டியூபையோ பம்பையோ கீழ்த் துளையில் பொருத்தி, மேல் துளையில் குமிழி இல்லாமல் ஆயில் வரும்வரை அழுத்துங்கள். 15 குதிரைத்திறனுக்குக் கிட்டத்தட்ட கால் லிட்டர் பிடிக்கும். டியூபை எடுக்கும் முன்பே மேல் ஸ்க்ரூவை மூடிவிடுங்கள். அப்போதுதான் கீழ் ஸ்க்ரூவைப் போடும் வரை ஆயில் ஒழுகாமல் நிற்கும். வாஷர் இரண்டும் புதிது போடவும். பழைய வாஷரை மறுபடி போடும் சிக்கனமே பல கியர்பாக்ஸில் தண்ணீர் புக வழிவிட்டிருக்கிறது.

3. புரொப்பெல்லர்

முதலில் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள். புரொப்பெல்லரைக் கையால் சுற்றினாலும் எஞ்சின் பற்றிக்கொள்ள வாய்ப்புண்டு. வெளியே எடுத்ததும் ஷாஃப்டைச் சுற்றித் தூண்டில் நரம்போ வலை நூலோ சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் சீல் வளையத்தை அறுப்பது பெரும்பாலும் அதுதான். ஷாஃப்டில் தண்ணீர் தாங்கும் கிரீஸ் தடவி, நட்டு கழலாமல் பிடிக்கும் புது காட்டர் பின் போட்டு மாட்டுங்கள். மோட்டாரின் உலோகத்துக்குப் பதில் தான் அரிந்து கரையும், அருகிலுள்ள துத்தநாகக் கட்டி பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள். அதன்மேல் பெயின்ட் அடித்தால் அது வேலை செய்யாது.

4. எரிபொருள்

50-க்கு 1 கலவை என்றால் 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி ஆயில். 'டிசி-டபிள்யூ 3' (TC-W3, தண்ணீரால் குளிரும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கானது) முத்திரையுள்ள ஆயில் மட்டும் வாங்குங்கள். பைக்கின் டூ-டி ஆயில் காற்றால் குளிரும் எஞ்சினுக்கானது. இதில் ஊற்றினால் பிளக்கிலும் பிஸ்டன் வளையங்களிலும் சாம்பல் படியும். டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று அவசியம். டேங்கைப் படகிலிருந்து இறக்கித் தரையில் வைத்து நிரப்புங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட எடை கூடியது, படகின் அடியில் தேங்கி நிற்கும்.

ஐந்து நிமிடம் ஓடி எஞ்சின் செத்து, எரிபொருள் குழாயிலுள்ள ரப்பர் கை பம்ப் சப்பிப்போயிருந்தால் கார்புரேட்டரைப் பிரிக்க உட்காராதீர்கள். டேங்க் மூடியின் காற்றுத் திருகு மூடியிருக்கும்.

5. கிளம்பும் முன்

மோட்டாரின் பிடிதிருகுகளை இறுக்கி, தனியாக ஒரு சங்கிலியால் படகோடு பிணையுங்கள். அதிர்வில் திருகு தளர்ந்தாலும் மோட்டார் கடலுக்குள் போகாது. வடிகால் அடைப்பான், ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் (உடம்பில் மாட்டியபடி), துடுப்பு, தண்ணீர் இறைக்க வாளி, தீயணைப்பான், காலாவதி ஆகாத ஒளிச்சமிக்ஞை, உபரி பிளக், பிளக் ஸ்பேனர், எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் இழுகயிறு எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். கில் சுவிட்ச் (எஞ்சினை உடனே நிறுத்தும் சுவிட்ச்) கயிற்றை மணிக்கட்டில் மாட்டி, ஒருமுறை இழுத்து எஞ்சின் நிற்கிறதா என்று பாருங்கள். வி.எச்.எஃப். ரேடியோ இருந்தால் அவசர அழைப்பு 16-வது சேனலில்.

நங்கூரக் கயிறு ஆழத்தைப்போல் ஐந்து மடங்காவது வேண்டும், முனையில் இரண்டு மூன்று மீட்டர் சங்கிலியோடு. கட்டுவது முன்பக்கம் மட்டும். மோட்டார் எடையில் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் பின்பக்கத்தில் கட்டினால் அலை நேராக உள்ளே ஏறிவிடும்.

பின்சேர்க்கை: ஃபோர்-ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள் கேட்டதற்காக: பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டாம், தினமும் ஆயில் அளவுக்குச்சியைப் பாருங்கள். மோட்டாரைப் படுக்கவைக்கும்போது உடலில் குறியிட்ட பக்கம்தான் கீழே வர வேண்டும். மாற்றிப் படுக்கவைத்தால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கும்.