தண்ணீரில் இசைக்கும் கருவியா? முதலில் வாளியை எடுங்கள்

பாலக்கோடு பக்கம் தோட்டத்தில், தண்ணீர்ச் சக்கரம் சுழன்று இரும்புக் குழாய்களைத் தட்டி இசைக்கும் கருவி அமைக்க நினைப்பவர்கள், படம் வரையும் முன் நீரை அளந்துவிடுங்கள். 10 லிட்டர் வாளி 20 நொடியில் நிரம்பினால், நொடிக்கு அரை லிட்டர். அது 2 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் கிடைப்பது சுமார் 10 வாட்; பாதி சக்கரத்திலேயே போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறு சுத்தியல்களைத் தூக்க மீதி தாராளம். ஆனால் கோடையில் அளந்து பாருங்கள். ஐப்பசி நீரை நம்பிச் செய்த சக்கரம் சித்திரையில் நின்றுவிடும்.

மோட்டார் நீரை நேராகச் சக்கரத்தில் விட்டால் தாளம் தடுமாறும். இடையில் சிறு தொட்டி வைத்து, விளிம்புக்குச் சற்றுக் கீழே வழிகுழாய் பொருத்துங்கள். எப்போதும் கொஞ்சம் வழிந்துகொண்டே இருக்கட்டும், அது வாழைக்குப் போகும். நீர்மட்டம் மாறாதவரை வேகமும் மாறாது. என்னைக் கேட்டால் கருவியின் உயிரே இந்தத் தொட்டிதான். போர்வெல் நீரில் உப்புப் படியும். அதனால் தொட்டியிலிருந்து சக்கரத்துக்கு நீர் விட மெல்லிய துளை வேண்டாம், அகலமான வாயே நல்லது.

இனி இசைக்கும் இரும்புக் குழாய்கள். ஒரு குழாய் 50 செ.மீ. என்றால், அதே சுரத்தின் மேல் ஸ்தாயிக்கு அதே ரகக் குழாயில் 25 அல்ல, 35 செ.மீ. வெட்டுங்கள். 50 செ.மீ. குழாயைத் தொங்கவிடும் துளை நுனியிலிருந்து 11 செ.மீ.யில் இருக்கட்டும். அங்கே அதிர்வு இல்லாததால் ஒலி அடைபடாது.