இலையில் வெள்ளைப் பூச்சா? மலைத் தோட்டக்காரர்களுக்குச் சாம்பல் நோய் பற்றி

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் பட்டாணியோ ரோஜாவோ வளர்க்கிறவர்களுக்கு இலை மேல் மாவு தூவின மாதிரி வரும் இந்த வெள்ளை புதுசில்லை. மழைதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள், ஆனால் பெரும்பாலான பூஞ்சைகளின் வித்து முளைக்க இலை நனைந்திருக்க வேண்டும், இதற்கு ஈரக்காற்று மட்டும் போதும், இலையில் தண்ணீர் நின்றால் இதன் வித்து கெட்டே போகும். அதனால்தான் அடைமழையில் அடங்கிக் கிடந்துவிட்டு, மழை விட்டபின் பகலில் காய்ந்து ராத்திரியில் குளிரும் ஜனவரி, பிப்ரவரியில் தலையெடுக்கிறது.

முதலில் இது அதுதானா என்று பாருங்கள். விரலால் தேய்த்தால் வெள்ளை ஒட்டிக்கொண்டு வந்து, அடியில் இலை தெரிய வேண்டும். மேலே மஞ்சள் திட்டு, இலைக்கு அடியில் மட்டும் பூஞ்சை என்றால் அது அடிச்சாம்பல் என்ற வேறு நோய், அதற்குக் கந்தகம் அடித்துப் பயனில்லை. பட்டாணிச் சாம்பல் ரோஜாவுக்குத் தாவுமோ என்ற பயமும் வேண்டாம், இரண்டும் வேறு வேறு பூஞ்சை.

அப்புறம் வேலை. நெருக்கமான கிளைகளை வெட்டிக் காற்றும் வெயிலும் உள்ளே போக விடுங்கள், வெள்ளை பிடித்த அடி இலைகளைப் பறித்து அப்புறப்படுத்துங்கள். யூரியாவைக் குறையுங்கள், தளதளவென்று வரும் இளந்தளிரில்தான் இது முதலில் ஏறும். காலையில் இலைகளைத் தண்ணீரால் கழுவிவிடுவதும் உதவும், ஆனால் கரும்புள்ளி நோய் இருக்கிற ரோஜாவுக்கு வேண்டாம்.

மருந்து என்றால் தண்ணீரில் கலந்து அடிக்கும் கந்தகத் தூளான நனையும் கந்தகம்தான் என் முதல் தேர்வு. லிட்டருக்கு 2 கிராம், இலையின் இரண்டு பக்கமும் நனைய, வெயில் தாழ்ந்தபின் அடியுங்கள், தேவைப்பட்டால் 10 நாள் கழித்து இன்னொரு முறை. வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் அடித்தால் இலை கருகும், மலையில் அவ்வளவு சூடு அபூர்வம்தான், ஆனால் பாலிதீன் குடிலுக்குள் சுலபமாக ஏறிவிடும். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் பொறுங்கள். பூசணி, வெள்ளரி வகைகள் கந்தகத்தைத் தாங்காமல் போகலாம், ஓரிரு இலையில் அடித்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள். அறுவடைக்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்பது டப்பாவிலேயே இருக்கும், படியுங்கள்.

வீட்டுத் தோட்டம் என்றால் ஒரு பங்கு பாலில் ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வாரம் இரண்டு முறை, வெயில் இருக்கும்போது. ஆரம்பத்திலேயே தொடங்கினால் நன்றாகவே கேட்கும், செடி முழுக்க வெளுத்தபின் பால் வீண்.

இலையைத் திருப்பும்போது சின்ன மஞ்சள் பொறிவண்டு ஓடினால் விட்டுவிடுங்கள். அது இலையைத் தின்ன வரவில்லை, இந்தப் பூஞ்சையை மேய வந்திருக்கிறது. கண்டதும் பூச்சிமருந்தைத் தூக்குகிறவர்கள் பாவம், வேலைக்காரனை விரட்டுகிறார்கள்.

மருந்து கேட்டதா என்று பழைய இலையைப் பார்க்காதீர்கள், கறை அப்படியேதான் நிற்கும், புதுத் துளிர் சுத்தமாக வருகிறதா என்று பாருங்கள். பட்டாணியில் காய் முற்றும் நேரத்தில் வந்தால் மருந்தே வேண்டாம், காயைப் பறித்துக்கொண்டு கொடியைப் பிடுங்கி மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள்.