குடை டிஸ்க்மேன் ஆன கதை

ஸேடி ஸ்மித்தின் 'ஆன் பியூட்டி' (2005) படிக்கப் போகிறீர்களா? அதற்கு முன், அந்த நாவலுக்கு முன்மாதிரியாக இருந்த ஈ. எம். ஃபார்ஸ்டரின் 'ஹோவர்ட்ஸ் எண்ட்' (1910) நாவலில் முதல் ஐந்து அத்தியாயங்களையாவது படித்துவிடுங்கள். பழையது, தங்கை அக்காவுக்கு எழுதும் கடிதங்களோடு தொடங்கும். புதியது, மகன் அப்பாவுக்கு அனுப்பும் மின்னஞ்சல்களோடு. அங்கே பீத்தோவன் கச்சேரியில் ஓர் ஏழை குமாஸ்தாவின் குடை கைமாறிப் போகும். இங்கே மொஸார்ட் கச்சேரியில் ஓர் இளைஞனின் டிஸ்க்மேன், அதாவது கையில் எடுத்துப் போகும் சிடி பிளேயர்! குடையைத் தெரிந்தவருக்குத்தான் இங்கே சிரிப்பு வரும்.

கையில் பென்சில் இருக்கட்டும். எங்கேயோ படித்த மாதிரி தோன்றும் இடத்தில் ஓரமாக ஒரு கோடு போதும். அப்புறம், பக்கத்துக்குப் பக்கம் ஒற்றுமை தேடாதீர்கள், கதை நழுவிவிடும். ஃபார்ஸ்டரின் நாவல் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.